சின்னம்மைத் தடுப்பூசி: ஊசி அறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் ஊசி அறையில் செவிலியராக இருக்கிறேன். மாசி பிறந்தால் போதும், தெருவில் யாராவது ஒருவர் வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருப்பார்கள். மறுநாளே எங்கள் அறைக்கு வெளியே கூட்டம் கூடிவிடும். கேட்கிற கேள்விகள் வருடா வருடம் ஒன்றேதான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

அட்டையில் இருக்கிற ஊசி எல்லாம் போட்டாயிற்று. அம்மை ஊசியும் அதில் இருக்கிறதே, அப்புறம் இது எதற்கு?

பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் கேட்பது இதைத்தான். தப்பு அவர்கள் மீது இல்லை. "அம்மை" என்ற ஒரே சொல்லுக்குள் நாம் பல நோய்களைப் போட்டு வைத்திருக்கிறோம்.

அரசு அட்டையில் 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று என்று இருக்கிற ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லா என்ற ஜெர்மன் தட்டம்மைக்கும் உரியது. தட்டம்மையைச் சில ஊர்களில் மணல்வாரி என்பார்கள். உடம்பெல்லாம் செம்மண்ணை வாரி இறைத்ததுபோல் சிவந்து தடிக்கும், நீர் கோக்காது. தாடைக்குக் கீழே வீங்குகிற பொன்னுக்கு வீங்கி வேறு நோய். சின்னம்மை என்பது நீர்க்கொப்புளங்கள் விட்டுவிட்டு முளைக்கிற நோய். ஒரே உடம்பில் சிவப்புப் புள்ளியும், நீர்க்கொப்புளமும், காய்ந்த பொருக்கும் ஒரே நாளில் இருக்கும். இலங்கைத் தமிழர்கள் கொப்புளிப்பான் என்பார்கள், பொருத்தமான பெயர். இதற்குக் காரணமான வைரஸ் வேறு, தடுப்பூசியும் வேறு. தட்டம்மை ஊசி சின்னம்மையைத் தடுக்காது.

தாத்தா பாட்டி வந்தால் குழப்பம் இன்னும் கூடும். "எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை குத்தியாயிற்று" என்று கையைக் காட்டுவார்கள். அந்தத் தழும்பு பெரியம்மைக்குக் குத்தியது. இந்தியாவில் பெரியம்மை இல்லை என்று 1977இல் அறிவித்தார்கள். உலகத்திலேயே இல்லை என்று 1980இல் அறிவித்தார்கள். அந்தக் குத்தலும் அதோடு நின்றுபோயிற்று. அதற்குப் பின் பிறந்தவர்களின் இடது தோளில் இருக்கிற தழும்பு காசநோய்க்கான பிசிஜி ஊசியினுடையது. இரண்டு தழும்புக்கும் சின்னம்மைக்கும் சம்பந்தமே கிடையாது.

சாதாரண சின்னம்மைதானே? ஒரு வாரம் படுத்து எழுந்தால் போய்விடாதா?

பெரும்பாலான குழந்தைகளுக்குப் போய்விடும். அதை மறைத்துப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் எல்லாருக்கும் அப்படிப் போவதில்லை. சொறிந்த இடத்தில் சீழ் பிடிப்பது அடிக்கடி நடப்பது. சில பேருக்கு நுரையீரலில் இறங்கும். சிறுமூளையைத் தொட்டால் குழந்தை சில நாள் தள்ளாடித் தள்ளாடி நடக்கும். அரிதாக மூளைக் காய்ச்சலும் வரும். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 42 லட்சம் பேர் இதன் தீவிரச் சிக்கல்களால் மருத்துவமனைக்குப் போகிறார்கள், சுமார் 4,200 பேர் இறக்கிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட மதிப்பீடு.

நம் ஊர் விஷயத்தில் இன்னொன்று உண்டு. குளிர் நாடுகளில் பள்ளிக்கூட வயதுக்குள் ஏறக்குறைய எல்லாருக்கும் வந்து போய்விடுகிற நோய் இது. வெப்ப நாடுகளில் பலருக்கு அந்த வயதில் வருவதில்லை. கல்லூரி விடுதியிலோ, வேலைக்குப் போன ஊரிலோ, கல்யாணத்துக்குப் பிறகோதான் வருகிறது. பெரியவர்களுக்கு வந்தால் காய்ச்சலும் கொப்புளமும் அதிகம், நிமோனியா ஆகிற வாய்ப்பும் அதிகம். எனக்கு 28 வயதில் வந்தது. ஐந்து வயதில் வந்த "அம்மை"யோடு எல்லாம் முடிந்தது என்று வீட்டில் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம். அது தட்டம்மை என்பது அப்புறம்தான் புரிந்தது. தொண்டைக்குள்ளும் கொப்புளம், தலையணையில் தலையை வைக்க முடியாது. மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை.

எந்த வயதில், எத்தனை தவணை?

இரண்டு தவணை. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அட்டவணைப்படி முதல் ஊசி 15ஆம் மாதத்தில், இரண்டாவது 18 – 19 மாதத்தில். முன்பு இரண்டாவதை 4 – 6 வயதில் போடுவது வழக்கம், அதனால் பழைய அட்டைகளில் அப்படித்தான் இருக்கும். விட்டுப்போயிருந்தால் கவலை வேண்டாம், எந்த வயதிலும் போடலாம். 13 வயதுக்குள் என்றால் இரண்டுக்கும் நடுவே 3 மாதம்; அதற்கு மேல் என்றால் 4 முதல் 8 வாரம். இடைவெளி நீண்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஒரு ஊசி போதாதா? விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

ஒரு ஊசி போட்டவர்களில் நோயையே தடுப்பது 80 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். கடுமையான நோயைத் தடுப்பதில் அதுவே நன்றாக வேலை செய்கிறது. இரண்டு போட்டால் நோயைத் தடுப்பது 90 சதவீதத்துக்கு மேல். அமெரிக்காவில் 1995இல் ஒரு தவணையோடுதான் தொடங்கினார்கள். நோய் வெகுவாகக் குறைந்தது, ஆனால் ஊசி போட்ட பிள்ளைகள் படிக்கிற பள்ளிகளிலேயே அங்கங்கே பரவிக்கொண்டிருந்தது. அதனால் 2006இல் இரண்டாவதைச் சேர்த்தார்கள். தடுப்பூசிக்கு முன் அங்கே ஆண்டுக்கு 40 லட்சம் பேருக்கு வந்த நோய், 25 ஆண்டில் 97 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது.

விலை விஷயம் உண்மைதான். ஒரு தவணைக்கே ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய் ஆகிறது. இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒரு மாதச் சம்பளத்தில் பெரிய ஓட்டை. கையில் பணம் இல்லாவிட்டால் முதல் தவணையைப் போட்டுக்கொண்டு, இரண்டாவதைச் சில மாதம் தள்ளிப் போடலாம். ஒன்றுமே போடாமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இவ்வளவு நல்லது என்றால் அரசு ஏன் இலவசமாகப் போடவில்லை?

இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை. தட்டம்மை, நிமோனியா, வயிற்றுப்போக்கு என்று அதிகக் குழந்தைகளின் உயிரைக் குடிக்கிற நோய்களுக்கே முதலிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. இது பாதிக் காரணம்.

மற்றப் பாதி கொஞ்சம் சிக்கலானது. பாதிக் குழந்தைகளுக்கு மட்டும் ஊசி போட்டால் என்ன ஆகும்? ஊரில் நோய் பரவுவது மெதுவாகும், ஆனால் நிற்காது. ஊசி போடாத பிள்ளை சின்ன வயதில் தப்பித்துக்கொண்டு, இருபது வயதில் மாட்டிக்கொள்ளும். அந்த வயதில்தான் நோய் கடுமை. அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம், ஒரு நாடு இந்த ஊசியைத் திட்டத்தில் சேர்த்தால் குறைந்தது 80 சதவீதக் குழந்தைகளுக்குத் தொடர்ந்து போட முடிய வேண்டும் என்கிறது. வசதியுள்ளவர்கள் மட்டும் தனியாரில் போட்டுக்கொள்கிற நம் ஊர் நிலை இந்தக் கணக்கில் நல்ல நிலை இல்லை. என்னைக் கேட்டால் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பேன். அதுவரை, சின்னம்மை வராமலே பதின்வயதைத் தொட்ட பிள்ளைக்கு ஊசி இன்னும் அவசியமாகிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் அம்மை சீசனும் ஒரே மாதத்தில் வருவதை யோசித்துப் பாருங்கள்.

ஊசிக்குள் என்ன இருக்கிறது? அம்மையையே உள்ளே விடுகிறார்கள் என்கிறார்களே?

ஒரு விதத்தில் ஆமாம். பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள சின்னம்மை வைரஸ்தான் அது.

இதன் கதை ஜப்பானில் தொடங்குகிறது. மிச்சியாக்கி தக்காஹாஷி என்ற மருத்துவர் 1960களின் நடுவில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, அவருடைய சின்னப் பையனுக்குச் சின்னம்மை கடுமையாக வந்தது. மூச்சு முட்டிய மகனின் பக்கத்தில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்த தகப்பன், ஊர் திரும்பியதும் ஒசாக்கா பல்கலைக்கழகத்தில் இதையே வேலையாக எடுத்துக்கொண்டார். ஓக்கா என்ற குடும்பப் பெயர் கொண்ட ஒரு சிறுவனின் கொப்புளத்திலிருந்து வைரஸை எடுத்து, 34 பாகை வெப்பத்தில் மனிதக் கரு நுரையீரல் செல்களில் 11 முறையும், அதன் பிறகு கினிப்பன்றிக் கரு செல்களில் 12 முறையும் வளர்த்தார். இடம் மாறி மாறி வளர்ந்ததில் அது மனித உடம்பில் ஆட்டம் போடும் வலுவை இழந்தது. ஆனால் உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்ப்பை வளர்த்துக்கொள்ளும் அளவுக்கு மிஞ்சியிருந்தது. 1974இல் முடிவுகள் வெளியாயின. இன்றைக்கு உலகில் பயன்படுகிற சின்னம்மை ஊசிகள் ஏறக்குறைய எல்லாமே அந்த ஓக்கா வைரஸின் வழிவந்தவை.

பன்றிக் கொழுப்பு கலந்திருக்கிறது என்கிறார்கள்.

கொழுப்பு இல்லை, ஜெலட்டின், அதாவது தோல், எலும்பிலிருந்து எடுக்கிற ஒரு பசைப் புரதம். வேரிவேக்ஸ் என்ற தயாரிப்பில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் உண்டு. வேரில்ரிக்ஸ் தயாரிப்பில் ஜெலட்டின் இல்லை. வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே சொன்னால் வேறு தயாரிப்பை வரவழைத்துக் கொடுக்கலாம். கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

ஊசி போட்டால் என்ன தொந்தரவு வரும்?

போட்ட இடத்தில் வலி, சிவப்பு, கொஞ்சம் காய்ச்சல். நூற்றில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு ஒரு மாதத்துக்குள் நாலைந்து கொப்புளம் மட்டும் எட்டிப்பார்க்கும். அதைப் பார்த்து "ஊசியே அம்மையைக் கொண்டுவந்துவிட்டது" என்று பதறிக்கொண்டு வருவார்கள். இரண்டொரு நாளில் அடங்கிவிடும். அந்தக் கொப்புளம் இருக்கும்வரை, கர்ப்பிணியோ புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரோ வீட்டில் இருந்தால் குழந்தையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதிலிருந்து பரவியது மிக மிக அரிது என்றாலும்.

ஊசி போட்ட பிறகு ஆறு வாரத்துக்குக் குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும்.

அன்றைக்குக் குளிக்க வைக்கலாமா? கறி, முட்டை கொடுக்கலாமா?

தாராளமாக.

யாருக்குப் போடக் கூடாது?

உயிருள்ள வைரஸ் என்பதால் இந்தக் கேள்வியில் கவனம் தேவை. கர்ப்பிணிகளுக்குக் கூடாது. புற்றுநோய்ச் சிகிச்சை எடுப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்தவர்கள், அதிக அளவில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் என்று எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்குக் கூடாது. மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும். நியோமைசின் மருந்துக்கோ, முதல் தவணைக்கோ கடுமையான ஒவ்வாமை வந்தவர்களுக்கும் கூடாது. சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் சில மாதம் பொறுக்க வேண்டும், ஏற்றிய ரத்தத்தில் இருக்கிற எதிர்ப்புப் பொருள்கள் ஊசியை வேலை செய்யவிடாது. லேசான சளி ஒரு தடை இல்லை. நல்ல காய்ச்சல் என்றால் இறங்கட்டும்.

தட்டம்மை ஊசியும் இதுவும் ஒரே நாளில் வேறு வேறு இடத்தில் போடலாம். அன்றைக்குப் போடாவிட்டால் நடுவே நான்கு வாரம் விட வேண்டும்.

கல்யாணம் ஆகி ஆறு மாதம். எனக்குச் சின்ன வயதில் வந்ததா என்று அம்மாவுக்கே நினைவில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்வியோடு வருகிற பெண்ணைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கும். மாசமான பிறகு வந்து கேட்பவர்கள்தான் அதிகம், அப்போது ஊசி போட முடியாது.

கர்ப்பத்தின் முதல் 20 வாரத்தில் தாய்க்குச் சின்னம்மை வந்தால், குறைந்த விகிதத்தில்தான் என்றாலும், குழந்தையின் கை கால், கண், மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம்; அந்த ஆபத்து நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே. இன்னும் ஆபத்தான நேரம் பிரசவத்தை ஒட்டியது. பிரசவத்துக்கு 5 நாள் முன்பிலிருந்து 2 நாள் பின்புவரை தாய்க்குக் கொப்புளம் கிளம்பினால், தாயின் எதிர்ப்புப் பொருள் போய்ச் சேருவதற்குள் வைரஸ் குழந்தைக்குப் போய்விடும். பிறந்த குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்து. உடனே இம்யூனோகுளோபுலின், அதாவது தயார் நிலையில் உள்ள எதிர்ப்புப் பொருளை, ஊசியாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அதனால், ரத்தத்தில் சின்னம்மைக்கான எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இல்லை என்றால் இரண்டு தவணை போட்டுக்கொண்டு, கடைசி ஊசிக்குப் பிறகு ஒரு மாதம் குழந்தை தரிப்பதைத் தள்ளிப் போடுங்கள். பரிசோதனைக்கு வசதி இல்லையா, நேரே போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே அம்மை வந்தவருக்கு ஊசி போட்டாலும் கெடுதல் இல்லை. பால் கொடுக்கும் தாய்மாரும் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள் என்பதற்காக மூத்த பிள்ளையின் ஊசியை நிறுத்தாதீர்கள்.

மூத்தவனுக்கு நேற்று அம்மை போட்டுவிட்டது. சின்னவளுக்கு இப்போது போட்டால் பிரயோசனம் உண்டா?

உண்டு, ஆனால் ஓடி வர வேண்டும். 3 நாளுக்குள் போட்டால் நல்ல பலன், 5 நாள் வரை முயன்று பார்க்கலாம். இந்த நோய் உடம்புக்குள் போய் வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். அந்த அவகாசத்தில் ஊசி முந்திக்கொள்கிறது. கொப்புளம் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பே மூத்தவனிடமிருந்து பரவ ஆரம்பித்திருக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவருக்கு வந்தால், எதிர்ப்பு இல்லாத மற்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வரை மாட்டிக்கொள்ளும் அளவுக்குத் தொற்றும் நோய் இது.

வந்துவிட்டால் பெரியவர்களும் பதின்வயதினரும் முதல் நாளிலேயே மருத்துவரைப் பாருங்கள். வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரையை 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். ஐபுபுரூஃபன் வேண்டாம், ஆஸ்பிரின் கூடவே கூடாது.

ஊசி போட்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வந்ததே?

வரலாம். ஆனால் உடம்பைப் பாருங்கள்: பொதுவாக ஐம்பதுக்கும் குறைவான புள்ளிகள், பலவற்றில் நீரே கோக்காது, காய்ச்சல் பெயருக்குத்தான் இருக்கும். ஊசி போடாத பிள்ளைக்கு இருநூறு, முந்நூறு என்று கொட்டும். லேசாக வந்தாலும் பரவும், அதனால் பள்ளிக்கு அனுப்பாதீர்கள்.

ஆத்தா வந்து போவதை ஊசி போட்டுத் தடுப்பது சாமி குத்தம் ஆகாதா?

இதைக் கேட்பவர்களைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வரும். எங்கள் வீட்டிலும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம்.

வழக்கத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வாசலில் வேப்பிலை செருகினால் வெளியாள் உள்ளே வரமாட்டார். அம்மை போட்டவரைத் தனி அறையில் படுக்க வைக்கிறோம், வீட்டார் வெளியே விசேஷங்களுக்குப் போவதில்லை, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அடக்கம்தான். தொற்று நோய்க்கு ஒதுக்கி வைப்பது என்று மருத்துவம் சொல்வதும் இதைத்தான். பருத்தித் துணி, இளநீர், நுங்கு, மோர் என்று கொடுப்பதும் சரி. வேப்பிலையால் வருடுவது, நகத்தால் சொறிவதைவிட எவ்வளவோ நல்லது. நான் ஒத்துக்கொள்ளாதது இரண்டுதான். உடைந்த கொப்புளத்தில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அப்புவது. புண்ணில் கிருமி சேர வழி. இன்னொன்று, மூச்சு வாங்கினாலும் குழந்தை மயங்கினாலும் "ஆத்தா இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது" என்று வீட்டிலேயே வைத்திருப்பது. பெரியம்மை போன பிறகும் மாரியம்மன் கோயிலில் திருவிழா நடக்கிறது. இந்த ஊசியால் அவளுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அக்கிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நேரடிச் சம்பந்தம். சின்னம்மை ஆறினாலும் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத் தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல வருடம் தூங்கும். வயதாகி எதிர்ப்பு குறையும்போது ஒரு நரம்பின் வழியே இறங்கி வந்து, உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளிக்கும். அதுதான் அக்கி. மண்பாண்டம் செய்பவரிடம் போய்க் காவி குழைத்து எழுதிக்கொள்வார்கள். எழுதட்டும், ஆனால் வைரஸை அடக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். தப்பினால் சிலருக்கு அந்த எரிச்சல் மாதக்கணக்கில் நிற்கும்.

சின்ன வயதில் தடுப்பூசி போட்ட பிள்ளைகளுக்கு அக்கி வருவது வெகுவாகக் குறைகிறது என்று அமெரிக்க அனுபவம் காட்டுகிறது. 50 வயது தாண்டியவர்களுக்கு ஷிங்ரிக்ஸ் என்ற தனி ஊசி இருக்கிறது. 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. இரண்டு தவணை, விலை நன்றாகவே கடிக்கும். உயிருள்ள வைரஸ் அதில் இல்லை.

மகள் லண்டனில், தம்பி சிங்கப்பூரில். அங்கே என்ன நடைமுறை?

சிங்கப்பூர் 2020 நவம்பரில் குழந்தைகளுக்கான தேசிய அட்டவணையில் சேர்த்தது. இங்கிலாந்து நெடுநாள் தயங்கியது. குழந்தைகளிடம் நோய் சுற்றிக்கொண்டிருந்தால்தான் பெரியவர்களின் எதிர்ப்பு புதுப்பிக்கப்பட்டு அக்கி வராமல் இருக்கும் என்பது அவர்கள் வாதம். அமெரிக்காவில் அப்படி அக்கி பெருகிவிடவில்லை என்று தெரிந்த பிறகு மனம் மாறி, 2026 ஜனவரி முதல் தட்டம்மை ஊசியோடு ஒன்றாகக் கலந்து 12, 18 மாதங்களில் போடத் தொடங்கியிருக்கிறார்கள்.

செவிலியர் வேலைக்கு அங்கே போகிறவர்கள் கவனிக்க: "எனக்குச் சின்னம்மை வந்திருக்கிறது" என்று வாயால் சொன்னால், வெப்ப நாடுகளில் வளர்ந்தவர்கள் விஷயத்தில் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். எதிர்ப்பு இல்லை என்றால் ஊசி. இங்கேயே முடித்துக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.

ஊசி போடும்போது நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

மருந்து குளிர்பெட்டியில் 2 முதல் 8 பாகைக்குள் இருந்திருக்க வேண்டும். தூளாக வரும், கூடவே வரும் நீரைக் கலந்து அரை மணிக்குள் போட்டுவிட வேண்டும். முன்பே கலந்து வைத்ததை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மருந்தகத்தில் நீங்களே வாங்கினால் பனிக்கட்டி வைத்த பையில் கொண்டுவாருங்கள். வண்டிப் பெட்டியில் வைத்து வெயிலில் ஓட்டி வந்த மருந்தை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன். போட்டதும் அட்டையில் தேதியும் மருந்தின் பெயரும் எழுதச் சொல்லுங்கள். "அம்மை ஊசி" என்று எழுதினால் விடாதீர்கள், "சின்னம்மை" என்று திருத்தி எழுதச் சொல்லுங்கள்.